நாடாநடை இலக்கணம்

அந்தரத்தில் நிற்கும் மனிதர்களைக் கயிற்றை வைத்துப் பிரிப்பது எளிது. இறுகக் கட்டியது, தளரக் கட்டியது, உயரக் கட்டியது என்று மூன்று சொல்லிக் கடையை மூடிவிடலாம். இந்நூல் அந்த வழியில் போகாது. ஒருவர் எப்போது இறங்குகிறார் என்பதே இங்கே அளவுகோல்.

முதற்குலம், வேலை முடிந்தால் இறங்குவோர். பனையேறி இதில் மூத்தவர். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். பருவம் தொடங்கிவிட்டால் காலையும் மாலையும் ஏறியே ஆக வேண்டும். விரல்தோல் தேய்ந்துவிட்டது, இன்று ஓய்வு என்று அவர் உட்கார்ந்தால் பதநீர் அவருக்காகப் புளிக்காமல் இருக்கப்போவதில்லை. கழைக்கூத்தாடியும் இக்குலமே. தெருமுனையில் மூங்கில்களைக் கட்டி, கயிற்றை விறைப்பாக இழுத்து, மேளம் தட்டி ஒரு சிறுமியை ஏற்றுவார்கள். அவள் கையில் நீண்ட கழி இருக்கும். கழி நீளமாக இருப்பதால் உடல் சாயும் வேகம் குறைகிறது, திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தட்டில் காசு விழும்வரை அவள் இறங்குவதில்லை. 1859இல் நயாகராவைக் கயிற்றில் கடந்த பிரெஞ்சுக்காரர் ப்ளாண்டினும் கழி பிடித்தவர், காசு வாங்கியவர். ஆகவே அவரும் பங்காளிதான்.

இரண்டாம் குலம், தோன்றினால் இறங்குவோர். பாறையேறிகள் என்று பெயர். கல்வராயன் மலையில் இவர்கள் தொட விரும்பும் கல் பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னக்கின் கல்லறை மேலிருந்த கல்லைப் பார்த்து, ஹாலந்து என்ற புவியியலாளர் 1893இல் வைத்த பெயர் அது. அந்தக் கல்லறைக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இவ்வளவு தெரிந்துகொண்டதால் பிடி ஒன்றும் அகலமாகிவிடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இக்குலத்தாரின் நோய் ஓய்வுநாள். விரல் நரம்பும் தோலும் ஆற ஒருநாள் வேண்டும், ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. அமெரிக்காவின் யோசெமிட்டியில் இப்படித் தவித்தவர்கள் வண்டி நிறுத்துமிடத்துச் சங்கிலிமேல் நடந்து பார்த்தார்கள். 1970களின் கடைசியில் ஆடம் க்ரோசாவ்ஸ்கி, ஜெஃப் எல்லிங்டன் என்னும் இரு பாறையேறிகள் பாறையேற்ற நைலான் நாடாவையே கட்டி நடந்தார்கள். 1985இல் ஸ்காட் பால்கம் என்பவர் யோசெமிட்டியின் லாஸ்ட் ஆரோ என்னும் கல்தூணுக்கு அதே வகை நாடாவில் நடந்துபோனார். கீழே பள்ளத்தாக்கு ஏறக்குறைய 880 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. இவ்வாறு பிறந்ததே மூன்றாம் குலம்: விழுவதால் மட்டுமே இறங்குவோர்.

இவர்களின் கருவி ஸ்லாக்லைன். தட்டை நாடா, அகலம் பெரும்பாலும் 25 அல்லது 50 மில்லிமீட்டர். கழைக்கயிறு அசையாமல் இருக்க, ஆள் அசைவார். இங்கே நாடாவும் அசையும். புதியவர் காலை வைத்ததும் கால் தையல் மிஷின் ஊசியாகிவிடும். நாடா ஒரு பக்கம் போக, கால் சற்றுத் தாமதமாகத் திருத்த, அதற்குள் நாடா திரும்பிவர, திருத்தமே ஆட்டமாகிறது. அவசரப்பட்டுத் திருத்தாத கால் பழகப்பழகத்தான் வரும். இதனால் பாறை ஏறும் விரல் வலுப்படும் என்பாரை நான் நம்பவில்லை. இடுப்பும் கணுக்காலும் பதறாமல் நிற்கக் கற்கும், அவ்வளவே.

மரங்களும் வகைப்படும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறினால் எல்லா வகையும் காணலாம். புளி உத்தமம். பலா மத்திமம், ஏனெனில் காய்த்திருக்கும்போது உரிமையாளர் வருவார். சந்தனம் அதமம். மரம் தாங்கினாலும் வனத்துறை தாங்காது. மரவள்ளி மரமே அன்று. எதில் கட்டினாலும் பட்டை உரியாதபடி சாக்கைச் சுற்ற வேண்டும். காப்புக்காடு என்றால் அனுமதியின்றி எதிலும் கட்டலாகாது.

மரத்தின் நிலையை ஒரு கணக்கால் அறியலாம். இருபது மீட்டர் நாடாவின் நடுவில் 70 கிலோ ஆள் நின்று, நாடா ஒரு மீட்டர் தாழ்ந்தால், ஒவ்வொரு மரத்தையும் ஏறக்குறைய 350 கிலோ இழுக்கிறது. தாழ்வு அரை மீட்டரானால் 700. சேலம் சாலையில் லாரிக்காரர்கள் சரக்கை இறுக்கும் ராட்செட் பெல்ட்டை இரவல் வாங்கி, "இன்னும் நல்லா இழு மாப்ளே" என்று விறைப்பேற்றும் நண்பர்கள் இவ்வரியை இருமுறை படிக்கவும்.

நான்காம் குலம் ஏறாதோர், அதாவது சுற்றி நிற்போர். உட்பிரிவு பல. "கீழ பாக்காத, நேரா பாரு" என்போர் உபதேசியர். இவர்கள் சொல்வது சரி என்பதுதான் எரிச்சல். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கும் சிறுவர் அடுத்த பிரிவு. எடை குறைவு, பயமும் குறைவு, ஆகவே கட்டியவரைவிட முதலில் நடந்துவிடுவார்கள். எந்தப் பிரிவிலும் அடங்காதவர் விறகுச்சுமையோடு நின்று பார்க்கும் பாட்டி. "ஏன் தம்பி, இதுக்கு எவ்ளோ குடுப்பாங்க?" என்பார். முதற்குலத்தின் கேள்வி அது. மூன்றாம் குலத்தாரின் பதில்கள் மூவகை. "உடம்புக்கு நல்லது பாட்டி" என்பது ஒன்று. "சும்மாதான்" என்பது மற்றொன்று. மூன்றாம் வகையார் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கீழே கிடப்பர்.