பூஜ்யம் முதல் நூறு வரை

லேப்டாப் பேட்டரிக்கென்று ஒரு விரதம் உண்டு: பூஜ்யம் வரை இறக்கி, நூறு வரை ஏற்றுவது. நிக்கல்-காட்மியம் காலத்துச் சடங்கு அது. 1991இல் லித்தியம்-அயன் விற்பனைக்கு வந்த பிறகும் பக்தர்கள் விரதத்தை விடவில்லை.

லித்தியம்-அயனுக்குக் குறிப்பாக ஆகாதவை இரண்டு: சூடு, எந்நேரமும் நூறிலேயே கிடப்பது. நம்மவர்கள் இரண்டையும் சேர்த்தே படைக்கிறார்கள். மே மாதம், மெத்தைமேல் லேப்டாப், போர்வை அடைத்த காற்றுத்துளை, பிடுங்காத சார்ஜர். ஒருநாள் பேட்டரி உப்பி, டச்பேட் மெல்ல மேலெழும்பும். "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்!"

பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. சொன்னால், "காசு கொடுத்தது நூறுக்கு" என்பார்கள்.

உப்பிய பேட்டரியை மட்டும் அழுத்திப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடும். அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.