டம்ளர் வைத்தியம்

சேலையூரில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில், ஸ்கூட்டருக்கு ஒதுக்கிய மூலையில் ஒரு சின்ன மில்லிங் மெஷின் குடியிருக்கிறது. ஸ்கூட்டர் வெயிலில் நிற்கிறது. பேரனுக்குப் பொம்மை ரயில் செய்யப்போகிறேன் என்று சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். பேரன் இப்போது ஏழாம் வகுப்பு. ரயிலில் ஒரு சக்கரம் முடிந்திருக்கிறது.

போன மாதம் அந்த மெஷினில் டிரில் சக்கு மாட்டிக்கொண்டது. சக்கின் தலையில் இருக்கும் ஆர்பர் மூன்றாம் நம்பர் மோர்ஸ் டேப்பர். ஏறக்குறைய 20-க்கு 1 சரிவு. இத்தனை லேசான கூம்பு, மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலுக்குள் ஏறினால் உராய்வே அதைக் கவ்விப் பிடித்துவிடும். பெரிய டிரில்லிங் மெஷின்களில் ஆப்பு அடித்துக் கழற்ற ஸ்பிண்டிலில் துவாரம் உண்டு. என்னுடையதில் அதெல்லாம் கிடையாது. மேலிருந்து இறங்கி ஆர்பரை இழுத்துப் பிடிக்கும் நீள போல்ட்டான டிராபார் மட்டும்தான். அதைத்தான் நான் முந்தின நாள் தொங்கித் தொங்கி இறுக்கியிருந்தேன். அதுவும் மூன்று மணி நேரம் ஓடிச் சூடாகியிருந்த ஸ்பிண்டிலில். ராத்திரி அது ஆறிச் சுருங்கி, ஆர்பரைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டது.

காலையில் தட்ட ஆரம்பித்தேன். பத்தாவது தட்டில் அசோசியேஷன் செயலாளர் வந்தார். “சார், பில்டிங்குக்கு இருபது வயசு ஆகுது, பாத்து.” முதல் மாடிக்காரர் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார், அவர் மோதிரம் அப்படித்தான் கழன்றதாம். இன்னொருவர் கேஸ் டார்ச் காட்டச் சொன்னார். பேரிங்கில் கிரீஸ் இருக்கிறது என்றேன். “உருகினா நல்லதுதானே?” என்றார்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், முடிச்சூர் சாலையில் எனக்குத் தெரிந்த லேத்காரருக்குப் போன் போட்டேன். “டிராபாரை முழுசா கழட்டிடாதீங்க சார், மரை போயிடும். ரெண்டு சுத்து லூஸ் பண்ணி, பித்தளையை வெச்சு ஒரே போடு. தட்டிக்கிட்டே இருந்தா பேரிங்தான் போகும்.”

அதுவரை எழுபது தட்டு தட்டியிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

மனைவி வந்து பார்த்தாள். “என்னங்க, டம்ளருக்குள்ள டம்ளர் மாட்டினா நான் என்ன பண்றேன்? சுத்தியா எடுக்கிறேன்?” உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர், வெளி டம்ளரைச் சுற்றி வெந்நீர். முப்பது வருஷமாகக் கண்ணெதிரே நடக்கிற வைத்தியம். நான் காபியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிண்டில் மூக்கில் வெந்நீர்த் துணி. சக்கைச் சுற்றிப் பால் கவரில் ஐஸ். 24 மில்லிமீட்டர் எஃகில் 40 டிகிரி வித்தியாசம் வந்தால்கூடக் கிடைப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இடைவெளிதான். கால் மணி நேரம் கழித்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பித்தளைத் துண்டை டிராபார் தலையில் வைத்து ஒரே போடு.

‘டக்.’ சக்கு ஒரு நூல் இறங்கி, டிராபாரில் சாதுவாகத் தொங்கியது.

“அவ்வளவுதானா?” என்றார் செயலாளர். அவருக்கு ஏமாற்றம்.

வீட்டில் மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்கள் வேலை முடிந்த அன்றே சக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். மற்றவர்கள் டம்ளரை ஈரத்தோடு அடுக்காமல் இருந்தால் போதும்.