பழைய மோட்டார் க்ரூஸரின் பயன் யாது? ஓர் அளவை ஆய்வு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், செயின்ட் கிளேர் ஏரியை ஒட்டிய படகுத்துறைகளில், 1970களிலும் 80களிலும் வார்க்கப்பட்ட ஃபைபர்கிளாஸ் மோட்டார் க்ரூஸர்கள் எப்போதும் விற்பனைக்கு நிற்கும். முப்பதடியை ஒட்டிய நீளம், அணியத்தில் ஒரு படுக்கை, கையகல அடுப்படி, தலை நிமிர்த்த முடியாத கழிப்பறை, தளத்துக்கு அடியில் இரண்டு வி-8 பெட்ரோல் எஞ்சின்கள். இதுவே நம் ஆய்வுப்பொருள். இதை வாங்குகிறவர் ஏரியில் உலாப் போகத்தான் வாங்குகிறார் என்பது உலகோர் கொள்கை. அது பிழை என்பது இக்கட்டுரையின் துணிபு. பழைய க்ரூஸர் வாங்கப்படுவது பழுது பார்ப்பதற்கே. உலா என்பது அடுத்த பழுது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிவதற்கான சோதனை முறை மட்டுமே.

சைவ சித்தாந்திகள் ஒன்றை அறிய காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொண்டார்கள். படகு வாங்குகிறவருக்கும் இம்மூன்றே கதி. காண்டல் இங்கே உதவாது. மெழுகு போட்டுத் தேய்த்த வெளிப்பூச்சு எந்த வயதிலும் பளபளக்கும். உரை அதைவிட மோசம், ஏனெனில் சொல்பவர் விற்பவர். “போன சீசன் வரைக்கும் ஒரு தொல்லை இல்லை” என்ற வாக்கியத்தில் போன சீசனில் படகு தண்ணீரில் இறங்கியதா என்ற செய்தி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சுவது கருதல். படகு மதிப்பீட்டாளர் ஒரு பிளாஸ்டிக் சுத்தியலால் தளத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே மரம் உளுத்த இடத்தில் ‘தொப்’ என்று செத்த ஒலி வரும். புகையைக் கண்டு நெருப்பை அறிவது தருக்க நூலாரின் பழைய எடுத்துக்காட்டு. படகுத்துறையில் அந்தத் தருக்கம் இன்னும் நுட்பமானது: நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது, எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளை அடங்காவிட்டால் தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. மூன்றில் எது வந்தாலும் வாங்குகிறவர் விலையைக் குறைத்துக் கேட்பாரே தவிர, திரும்பிப் போக மாட்டார். உலா வேண்டுமென்று வந்தவர் அப்படிச் செய்வாரா? இதுவே நம் முதல் சான்று.

இரண்டாம் சான்று படகின் உடற்கூறு. அதே ஏரிக்கரையை அடுத்த அல்கோனாக்கில் பிறந்த கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனம் பல பத்தாண்டுகள் மகோகனி மரத்தில் படகு கட்டியது. மரப்படகு, கவனிக்காமல் விட்டால், நாகரிகமாகச் செத்துப்போகும். ஃபைபர்கிளாஸ் அப்படியல்ல. தோல் சாகாது, உள்ளே இருப்பதெல்லாம் சாகும். தளத்தின் இரு தோல்களுக்கும் நடுவே பால்சா மரத்துண்டுகள், அடித்தளத்தின் நெடுந்தாங்கிகளுக்குள்ளும் பின்பலகைக்குள்ளும் பிளைவுட். கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு திருகைச் சுற்றி அடைத்த பசை வெடித்தால் போதும், மழைநீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, வெளியேற வழியின்றி, ஆண்டுக்கணக்கில் பால்சாவை ஈரத்தூளாக்கும். அதைச் சரிசெய்ய மேல்தோலை அறுக்க வேண்டும். கீழிருந்து செய்யலாம் என்றால் அறையின் கூரைத்துணியைக் கழற்ற வேண்டும். கழற்றினால், முந்தைய உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ரசனைப்படி இழுத்த மின்கம்பிகள் தொங்கும். தாங்கிகள் உளுத்திருந்தால் எஞ்சின்களைத் தூக்கியாக வேண்டும். தூக்கிய பின் பழைய குழாய்களையும் துருப்பிடித்த புகைபோக்கி வார்ப்புகளையும் அப்படியே மாட்டித் திரும்ப இறக்கினால் ஊர் சிரிக்கும். இப்படி ஒரு திருகிலிருந்து எஞ்சின் வரை ஒரு காரணகாரியத் தொடர் இடைவிடாமல் போகிறது. (உளுத்த மரத்தை நிரப்பும் எபாக்சிப் பிசினுக்குப் பேர்போன கூஜான் சகோதரர்கள் தொழில் தொடங்கியதும் இதே மாநிலத்தின் பே சிட்டியில், 1969-இல். நோயும் மருந்தும் ஒரே மண்ணில் விளைவதைத் தற்செயல் என்று தள்ள ஆய்வாளருக்கு மனம் வரவில்லை.)

மூன்றாவது சான்று நாட்காட்டி. அங்கே படகு மே மாதம் தண்ணீரில் இறங்கி அக்டோபரில் கரையேறுகிறது. எஞ்சினில் தங்கிய நீர் குளிரில் உறைந்து விரிந்தால் இரும்பு வார்ப்பு பிளந்துவிடும். அதனால் நீரை வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, படகு முழுவதையும் வெள்ளை பிளாஸ்டிக் உறையால் இறுகச் சுற்றிவிடுகிறார்கள். ஓடும் பாதி ஆண்டிலும், இரண்டு எஞ்சினும் வேகம் பிடித்தால், ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு மைல்தான். கட்டிப்போட்டுப் பழுது பார்த்தால் பெட்ரோல் செலவே இல்லை. ஆக, சிக்கனம் பார்க்கிற எவரும் வந்து சேர வேண்டிய இடம் பழுதுபார்ப்புத்தான்.

இனி பரபக்கம். உலாதான் நோக்கம், பணமின்மையால் பழையதை வாங்குகிறார்கள் என்பர். முழுதும் ஒதுக்கத்தக்க வாதமன்று. 1991-இல் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட புதுப்படகுகளுக்கு, அந்த வரம்பைத் தாண்டிய தொகையில் பத்து விழுக்காடு ஆடம்பர வரி விதித்தார்கள். புதுப்படகு விற்பனை சரிந்தது, கட்டுமானத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள், 1993-இல் வரி போயிற்று. வரி போன பின்னும் பழைய படகைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்களே, அதற்கு என்ன விடை? மேலும், பழைய படகை வாங்கிச் செய்யும் செலவுக்குப் பல சமயம் ஓடுகிற நிலையில் உள்ள இன்னொன்று கிடைக்கும். அதைத் துறையிலுள்ள எல்லோரும் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே சுரண்டுவார்கள்.

படகுக்காரனுக்கு இரண்டே நாள் மகிழ்ச்சி, வாங்கிய நாளும் விற்ற நாளும் என்று அந்நாட்டார் சொல்வதை எடுத்துக்காட்டி, பழுதுபார்ப்பே இன்பமானால் விற்பானேன் என்று கேட்பவருண்டு. விற்றவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பார்த்தால் ஐயம் தீரும். இரண்டடி நீளமான இன்னொரு பழைய படகை வாங்குகிறார். இந்த இரண்டடி நோய்க்கு அங்கே தனிப்பெயரே உண்டு. நீளம் கூடினால் உளுக்கும் பரப்பும் கூடும்.

எல்லாவற்றையும் மாற்றிய பின் அது அதே படகுதானா என்ற வினா எஞ்சுகிறது. தீசியஸின் கப்பலை முன்வைத்து கிரேக்கர் மல்லுக்கட்டிய இச்சிக்கலை அமெரிக்கச் சட்டம் ஒரு வரியில் தீர்த்துவிட்டது. 1972 நவம்பர் முதல் தேதிக்குப் பின் கட்டிய ஒவ்வொரு படகின் பின்பலகையிலும், வலப்பக்கம், எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் போகலாம், தளம் போகலாம், அந்தப் பன்னிரண்டும் இருக்கும்வரை படகு இருக்கிறது. பின்பலகையின் பிளைவுட்டை மாற்றுகிறவர்கள் வெளித்தோலைத் தொடாமல் உள்பக்கமாகவே அறுத்தால் படகின் ஆன்மாவுக்குச் சேதமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்பவருக்கு ஒரு வார்த்தை, இது விளையாட்டல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். சாவியைத் திருப்புமுன் எஞ்சின் அறையின் ஊதுவிசிறியை நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு குனிந்து மோந்து பாருங்கள். விசிறி ஓடவில்லையென்றால், முதல் பழுது அதுதான்.