ஓதம் சார்

நங்கநல்லூரில் எங்கள் தெருவுக்குள் வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே யோசிப்பார். ‘ஓதம் சார்’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு வழிகாட்டுவார். வங்கியில் 32 வருஷம் தணிக்கை செய்து, அடுத்தவர் கணக்கில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தவர். ஓய்வுபெற்ற கையோடு குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டினார். மூன்றாம் மாதம், அதே சுவரின் மறுபக்கம், ஹாலில், பெயின்ட் பொரிந்து உப்புப் பூத்து உள்ளங்கையளவு ஈரம் தெரிந்தது. அன்றோடு வேறு ஆளாகிவிட்டார்.

இந்த ஜாதி மனிதர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், உத்தரத்தைப் பார்ப்பார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போனால் மொய்க் கவர் கொடுத்த கையாலேயே சுவரைத் தட்டிப் பார்த்து, “பொத்துனு சத்தம் கேக்குதே” என்பார்கள். பாயசம் குடித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்குப் புரையேறும்.

ஓதம் சார் ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு ஓரத்தில் தேதி எழுதினார். நாலு நாளில் அதற்கு வெளியே இன்னொரு கோடு. பொங்கலுக்குள் ஹால் சுவர், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று டிவியில் காட்டுவார்களே, அப்படி ஆகிவிட்டது. அவருடைய மாமியார் அதில் தும்பிக்கை தெரிகிறது என்று சொல்லி ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். இனிமேல் அந்தச் சுவரை எப்படி இடிப்பது?

மேஸ்திரியைக் கூப்பிட்டார். “புதுப் பூச்சு சார், கொஞ்ச நாள் வேர்க்கத்தான் செய்யும். ரெண்டு வெயில் அடிச்சா சரியாயிடும்.” ஏப்ரல் வெயிலே அடித்தது, ஈரம் அரை அடி நகர்ந்தது. பிளம்பர் டைல்ஸ்காரரைக் கைகாட்டினார். டைல்ஸ்காரர் பிளம்பரைக் கைகாட்டினார். மேஸ்திரி கடைசியாக, “மேல் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார்” என்றார்.

“மேல மொட்டைமாடிதாம்ப்பா இருக்கு.”

“அப்ப கீழேருந்து ஏறுது.”

தணிக்கைக்காரர் சும்மா இருப்பாரா? குளியலறைத் தரையில் சொட்டு நீலம் கரைத்து ஊற்றி, சுவரில் நீலம் வருகிறதா என்று இரண்டு நாள் காத்திருந்தார். பேரனின் பாதம் மட்டும் கிருஷ்ணர் நிறத்துக்கு வந்தது. டைல்ஸ்காரர் விடுதலை. அடுத்து, தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டு, இரவு பத்து முதல் காலை ஆறு வரை வீட்டில் எவரும் குழாயைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனர் அன்றிரவே பஸ் ஏறிவிட்டார். காலையில் மட்டம் இறங்கியிருந்தது. மறுநாள் குளியலறை வால்வை மூடிவைத்துப் பார்த்தார், இறங்கவில்லை. ஆக, சுவருக்குள் போகிற லைன்தான்.

பிறகுதான் எவர்சில்வர் டம்ளர். நள்ளிரவில் அதைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்து நிற்பார். “நான் சொன்னதை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?” என்று மாமி கேட்டதும் காதில் விழவில்லை. “நொடிக்கு ஒரு சொட்டுன்னா நாளைக்கு 86,400 சொட்டு. மில்லிக்கு 20 சொட்டுன்னு வெச்சாலும் நாலு லிட்டருக்கு மேல. மாசம் பத்துக் குடம்!” என்று என்னிடம் கணக்குச் சொன்னார். தண்ணீர் லாரிக்குக் காத்துநின்ற ஊர்க்காரர் அல்லவா, வயிறு எரியத்தானே செய்யும்.

ஓட்டை ஓரிடம், ஓதம் ஓரிடம் என்பது பிளம்பர்களுக்குத் தெரியும். உள்ளே கசிகிற தண்ணீர் குழாயையும் செங்கல்லையும் பிடித்துக்கொண்டு நடந்து, தனக்குத் தோதான இடத்தில்தான் வெளியே தலைகாட்டும். சாரோ, ஷவர் மிக்ஸருக்குப் பின்னால் இருக்கிற ஜாயின்ட்தான் என்று சத்தியம் செய்தார். எட்டு டைல்ஸ் உடைந்தது. உள்ளே ஜாயின்ட் ஒட்டிய அன்று போலவே இருந்தது, பொட்டு ஈரம் இல்லை.

பிளம்பர் வியர்வையைத் துடைக்கத் துண்டை எடுத்தவர், துண்டு மாட்டும் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்புளியை எடுத்து அதன் ஸ்க்ரூவைக் கழற்றினார். ஊசி முனை மாதிரி ஒரு தண்ணீர்க் கம்பி சீறி அவர் சட்டையை நனைத்தது. குழாயின் விலாவில் ஏறிய ஸ்க்ரூ, தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் சொட்டவிட்டிருக்கிறது.

“இதை யார் சார் அடிச்சது? நாங்க இல்லையே.”

தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய டிரில்லிங் மிஷின் பரண்மேல் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. மாமி அண்ணாந்து பரணைப் பார்த்தார். சார் குனிந்து தரையைப் பார்த்தார்.

“முதல்ல வால்வை மூடுப்பா” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் கண்ணாடி மாட்டுவதற்காகச் சுவரில் குறி வைத்துக்கொண்டிருந்தேன். “லைன் போட்டப்போ போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா?” என்று என் கையைப் பிடித்துத் தடுத்தார். இல்லை என்றேன். “இந்த மேஸ்திரிகளை நம்பவே கூடாது சார்” என்று தலையாட்டிவிட்டு, ஒரு டம்ளர் கேட்டார்.

“காபி இப்பத்தான் கலக்கறாங்க, கொண்டுவரச் சொல்றேன்.”

“காலி டம்ளர் போதும்.”