'தி' யாருக்குக் கிடைக்கும்? புளியஞ்சோலை அடிவாரத்தில் ஓர் ஆராய்ச்சி

ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொல் 'தி'. தனியாக நிறுத்தி 'உனக்கு என்ன பொருள்?' என்று கேட்டால் பதில் சொல்லாது. ஆனாலும் எங்கு பார்த்தாலும் முன்வரிசையில் நிற்கும். இப்படிப்பட்டவர்களை நாம் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறோம், இலக்கணத்தில் பார்த்ததில்லை. எனவே ஆராய்ச்சி அவசியமாகிறது. களமாக ஆக்ஸ்போர்டை விட்டுப் புளியஞ்சோலையைத் தேர்ந்தது சிக்கனத்துக்காக மட்டுமல்ல.

திருச்சி மாவட்டத்தின் ஓரத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. ஊர்ப்பெயர் என்பதால் 'தி' கிடையாது. பாறைகளுக்கிடையே இறங்கிவரும் ஐயாற்றில் காலை நனைத்தால் 'தி' வந்துவிடும், ஆறுகளுக்கு உண்டு. நிமிர்ந்து பார்த்து 'கொல்லி ஹில்ஸ்' என்று பன்மையில் சொன்னால் உண்டு. எவரெஸ்ட் போல ஒற்றைச் சிகரமானால் இல்லை. ஆக, 'தி' என்பது ஆங்கிலேயரின் மரியாதைப் பன்மை. கூட்டமாக வருபவருக்கே கிடைக்கும் என்பது நமது முதல் கருதுகோள். ஆறு ஒன்றுதானே என்று சிலர் மடக்கலாம். ஐயாற்றின் பெயரிலேயே ஐந்து இருக்கிறது. காவிரிக்கு உபநதிகள் உண்டு. மேற்கொண்டு கேட்பவர்கள் ஆராய்ச்சிக்கு உகந்தவர்கள் அல்லர்.

மலையை ஆண்டவன் கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி. ஓர் + இ. உயிரெழுத்துக்கு முன் 'ஒரு' வராது, 'ஓர்'தான் வரும் என்ற விதியைப் பெயரிலேயே சுமந்த மன்னன் வேறெங்கும் இல்லை. இதை வைத்து 'ஏ', 'ஆன்' வேறுபாட்டை ஆங்கிலேயருக்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தான் என்று வாட்ஸ்ஆப்பில் இன்னும் யாரும் நிறுவாதது வியப்பு.

அவனுடைய அம்புதான் முக்கியம். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் வேட்டை அது: ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது. யானைமேல் பாயும்போது அது நமக்குப் புதிய அம்பு; ஆகவே 'ஆன் ஆரோ'. புலிக்குள் போகும்போது எந்த அம்பு என்று தெரிந்துவிட்டது. இனி உடும்பு வரைக்கும் 'தி ஆரோ'தான். விலங்குகளோ ஒவ்வொன்றும் புதுசு; அவற்றுக்கு 'ஏ' அல்லது 'ஆன்'. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல் பக்கம் பக்கமாக விளக்கியதை ஓரி நாண் ஒலி அடங்குவதற்குள் முடித்துவிட்டான்.

ஒரு நெருடல் மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கிலத்தில் யானைக்கு 'ஆன்', உடும்புக்கு 'ஏ'. தமிழில் யானைக்கு 'ஒரு', உடும்புக்கு 'ஓர்'. முதல் விலங்கும் கடைசி விலங்கும் இடம் மாறிவிட்டன. அம்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அறிஞர்கள் மறுபரிசீலனை செய்வது நல்லது.

'ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தா ஆன் போடு' என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். அதை நம்பிய பிள்ளை 'ஆன் யுனிவர்சிட்டி' என்று எழுதி மதிப்பெண் இழக்கும். எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் சொல்லுகிறபடியே தமிழில் எழுதிப் பாருங்கள். எம்.எல்.ஏ. உயிரெழுத்தில் தொடங்குகிறார், 'ஆன்'. யுனிவர்சிட்டி 'யு'வில் தொடங்குகிறது, 'ஏ'. மணியைக் குறிக்கும் சொல் வாயில் 'அவர்' என்றுதான் வருகிறது, 'ஆன்'. கலெக்டருக்கு 'ஏ' போதும். பதவி உயர்வால் இது மாறாது.

இதெல்லாம் அற்ப விஷயம் என்பவர்களுக்கு: 1967இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்றது. ஆங்கில வடிவில் 'பகுதிகள்' முன் 'தி' இல்லை. பிரெஞ்சு வடிவில் 'தி'க்கு இணையான ஆர்ட்டிகிள் இருக்கிறது. எல்லாப் பகுதிகளுமா, சிலவா என்று அரை நூற்றாண்டு தாண்டியும் வாதிடுகிறார்கள். 1969இல் நிலவில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாக்கியத்திலும் ஓர் 'ஏ' யார் காதிலும் விழவில்லை. தான் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். அவ்வளவு தூரம் ராக்கெட்டில் போன மனிதரிடம் ஓரெழுத்துக்குக் கணக்குக் கேட்டார்கள்.

தமிழிலும் 'தி' உண்டே, தி.நகர் இல்லையா என்று எதிர்த்தரப்பினர் கேட்கிறார்கள். அது தியாகராயரின் 'தி'. ஊர்ப்பெயருக்கு ஆர்ட்டிகிள் கிடையாது என்ற விதிக்குச் சேதமில்லை. எழுத்தாளர் தி. ஜானகிராமன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறோம். சூரியன், சந்திரன் போல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் 'தி' போடலாம் என்று ஆங்கில இலக்கணமே அனுமதிக்கிறது.