கணக்கு முடித்தவர்

பீளமேட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையில் அப்பா சைடராக இருந்தார். ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டுகிற வேலை. 1976-ல் பதிலியாக நுழைந்து, நிரந்தரமாகி, பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று 18 வருடம். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும் அப்பாவைத்தான் எனக்குத் தெரியும்.

1994-ல் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. கையில் பணமில்லை. அந்நாளில் மில்காரர் வீடுகளில் பெரிய செலவு வந்தால் முதலில் எழும் பேச்சு, கணக்கு முடிப்பது. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் கைக்கு வரும். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம், 18 வருடத்துக்கு 270 நாள் கிராஜுவிட்டி. கல்யாணம் முடிந்து போய்க் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள் என்று அப்பா நம்பினார். ஒரு மெமோகூட வாங்காதவர், நம்பாமல் என்ன செய்வார்?

கல்யாணம் முடிந்ததும், திரும்ப வேலை கேட்க மில் கேட்டுக்குச் சைக்கிளில் என்னையும் கூட்டிப்போனார்.

"பழைய ஆளுங்க. புதுசாக் கத்துக்கொடுக்க வேண்டியதில்லீங்க" என்றார் அப்பா.

மேனேஜர் கோபப்படவில்லை. "நாங்களா உன்னை அனுப்பிச்சோம்? நீயா எழுதிக் கொடுத்துட்டுப் போனே. உன்னை எடுத்தா நாளைக்கு எல்லாரும் கணக்கு முடிச்சுட்டு வந்து நிப்பாங்கப்பா."

சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது. 1947-ன் தொழில் தகராறு சட்டத்தில் 25-எச் என்றொரு பிரிவு இருந்தது. ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டவருக்கு, மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை தரவேண்டும் என்றது. தானாக ராஜினாமா செய்தவருக்கு அதில் இடமிருக்கவில்லை. தங்கை கல்யாணம் நெருக்கினால் அது 'தானாக' ஆகுமா என்று எந்தப் பிரிவும் கேட்கவில்லை.

இதைவிட வலிப்பது வேறு. ஏழு வருடம் பி.எஃப். கட்டியவர் தங்கை கல்யாணத்துக்குத் தன் பங்கில் பாதிவரை முன்பணம் எடுக்கலாம் என்று பி.எஃப். திட்டத்திலேயே விதி இருந்தது. மீதிப் பணத்துக்கு வேறெங்காவது கடன் வாங்கியிருக்கலாம், வேலை நின்றிருக்கும். ராஜினாமாக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்ட ஆபீசில் யாரும் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு மில்லின் பணியாளர் பிரிவு வேலைக்கு வந்த பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா அப்போது இல்லை.

மில் வேலை போன பிறகு, குடோன் வாட்ச்மேனாகவே அவர் காலம் முடிந்தது. மில் சங்கு ஊதும்போதெல்லாம் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இன்று நான் சூலூர்ப் பக்கம் ஒரு மில்லில், பணியாளர் பிரிவில் இருக்கிறேன். கேட்டில் 'ஆட்கள் தேவை' தட்டி வருடம் முழுக்கத் தொங்குகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், அப்படியும் போதவில்லை. போன மாதம் மேலிடத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. ராஜினாமா செய்துவிட்டுப் போனவர்களின் பெயரும் செல்போன் நம்பரும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "திரும்பி வர்றீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குத் தொண்டை அடைத்தது. இவர்கள் கைக்கு உள்ள வேலைப் பழக்கம் அப்பாவின் கைக்கும் இருந்ததே! அன்று வரிசையில் ஆள் நின்றது, இன்று நிற்கவில்லை. முதலாளிகள் மனம் மாறியதாக யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது யார் ராஜினாமாக் கடிதம் நீட்டினாலும் முதலில் உட்காரச் சொல்கிறேன். எதற்குப் பணம், எத்தனை நாள் லீவு வேண்டும் என்று கேட்டு, முன்பண விண்ணப்பத்தை எடுத்து வைக்கிறேன். சிலர் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் கூப்பிட்டதில் முதலில் வந்தவர், அம்மாவின் வைத்தியத்துக்காக வேலையை விட்டுப்போன பெண். முன்பு மூன்றரை வருடம் கோன் வைண்டிங்கில் இருந்தவர். ஐந்து வருடம் நிறையாததால் அப்போது கிராஜுவிட்டி கிடையாது. மறுநாளே மிஷினில் நின்றார், யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. டிக்கெட் நம்பர் புதிது. 'பணியில் சேர்ந்த தேதி' என்ற கட்டத்தில் அன்றைய தேதியைத்தான் எழுதச் சொன்னார்கள். அந்த மூன்றரை வருடம் எந்தக் கணக்கிலும் இல்லை.