கோச் வந்தார், கோப்பை எங்கே?

கே: புது கோச் வந்ததும் அணி ஜெயிக்க ஆரம்பித்துவிடுமா?

ப: சினிமாவில் ஆரம்பித்துவிடும். இடைவேளைக்குப் பிறகு ஒரு பாட்டு; பாட்டு முடிவதற்குள் கோப்பை. ஹட்சன் நதிக்கரையில் வெஸ்ட் பாயின்ட் அமெரிக்க ராணுவ அகாடமியில் அந்தப் பாட்டு மூன்று வருடம் ஓடியது. 2013 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஜெஃப் மோன்கனை அமெரிக்கக் கால்பந்து அணிக்கு கோச்சாக நியமித்தார்கள். அந்த சீசனில் அணிக்குக் கிடைத்தது 3 வெற்றி. மோன்கனின் முதல் சீசனான 2014-ல் 4 வெற்றி, 8 தோல்வி. ‘ஆஹா, ஒன்று கூடிவிட்டதே’ என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு 2015 பதில் சொன்னது: 2 வெற்றி, 10 தோல்வி.

கே: 2014-ன் அந்த எட்டுத் தோல்வியில் மானம் போன தோல்வி எது?

ப: ஸ்டான்ஃபோர்டிடம் 35-0 என்று தோற்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய இடம், அடி வாங்குவதில்கூட ஒரு கௌரவம் இருக்கிறது. அடுத்த சில வாரத்தில் யேல் பல்கலைக்கழகத்திடம், கூடுதல் நேரம் வரை போய், 49-43 என்று தோற்றார்களே, அதுதான். யேல் ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடும் அணி. விளையாட்டுக்காக அங்கே ஒருவருக்கும் உதவித்தொகை கிடையாது. அந்த அணியின் டைலர் வார்கா என்ற ஒற்றை ஆள் 5 டச்டவுன் போட்டுவிட்டுப் போனார். எட்டுத் தோல்வியில் ஏழை மறந்துவிடலாம்.

கே: ஆட்கள் சரியில்லை என்றால் நல்ல ஆட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே?

ப: நீங்களே போய் ஒரு பையனிடம் பேசிப் பாருங்கள். “தம்பி, விடியும் முன் எழ வேண்டும், அணிவகுப்பு உண்டு, கணக்குப் பாடம் உண்டு, படித்து முடித்ததும் ஐந்து வருடம் ராணுவத்தில் வேலை செய்ய வேண்டும்.” பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்காரர் அதே பையனிடம், “இங்கிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கலாம்” என்கிறார். பையன் எங்கே போவான்?

இன்னொரு தொல்லை எடை. பட்டம் வாங்கும்போது ராணுவத்தின் எடைக் கணக்குக்குள் உடம்பு அடங்கியாக வேண்டும். மற்ற அணிகளில் மலை மலையாக நிற்கும் ஆட்களை இங்கே வளர்க்க முடியாது. ஆளை மாற்ற முடியாத கோச் ஆட்டத்தைத்தான் மாற்ற முடியும். மோன்கன் நம்பியது ‘டிரிபிள் ஆப்ஷன்’. பந்தை வாங்கும் குவார்ட்டர்பேக்குக்கு மூன்று வழி. நடுவே முட்டிக்கொண்டு ஓடுகிறவரிடம் கொடுக்கலாம். தானே வைத்துக்கொண்டு ஓடலாம். பக்கவாட்டில் கூடவே ஓடி வருகிறவரிடம் கடைசி நொடியில் தள்ளிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், எதிரணியின் ஓரத்தில் நிற்கும் தடியரை யாருமே தடுப்பதில்லை. வேண்டுமென்றேதான் விடுகிறார்கள். அவர் யாரைப் பிடிக்கப் பாய்கிறாரோ, பந்து அவரிடம் இருக்காது. ஒன்றரை மடங்கு எடையுள்ள ஆளை முட்டித் தள்ளும் வேலை மிச்சம். அவரைத் தடுத்திருக்க வேண்டியவர் வேறொருவரைத் தடுக்கப் போய்விடுவார். இளைத்தவன் கண்டுபிடித்த கணக்கு என்று எனக்கு இதில் தனிப் பிரியம்.

கே: பந்தை வீசவே மாட்டார்களா?

ப: அவசியம் வந்தால் வீசுவார்கள். மோன்கன் இங்கே வருமுன் ஜார்ஜியா சதர்ன் அணிக்கு கோச். 2013-ல் அந்த அணி ஃபுளோரிடா என்ற ஜாம்பவானை 26-20 என்று வென்றது. அன்று அவர்கள் வீசிய ஒரு பாஸ்கூட தம் ஆள் கையில் போய்ச் சேரவில்லை.

கே: அதற்கும் முன்னால்?

ப: இங்கேதான் கதை ருசிக்கிறது. ராணுவ அகாடமிக்குப் பரம வைரி அனாபொலிஸ் கடற்படை அகாடமி. 2002-லிருந்து ராணுவம் கடற்படையிடம் வருடா வருடம் தோற்றுக்கொண்டிருந்தது. அதில் முதல் ஆறு வருடம் கடற்படையின் உதவி கோச்சாக இருந்தவர் யார் தெரியுமா? இதே மோன்கன். பூட்டை உடைத்தவரையே அழைத்துவந்து சாவியைக் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் எடுத்த முடிவுதான்.

கே: ஒரே ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு அலட்டலா?

ப: 1890-லிருந்து நடக்கிற சண்டை ஐயா. டென்னிஸ் மிச்சி என்ற மாணவர் ஏற்பாடு செய்த முதல் ஆட்டத்தில் கடற்படை 24-0 என்று வென்றது. மிச்சி 1898-ல் கியூபா போரில் இறந்தார். வெஸ்ட் பாயின்ட் மைதானத்துக்கு அவர் பெயர்தான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து நின்று இரண்டு அகாடமிப் பாட்டையும் பாட வேண்டும். தோற்றவர் பாட்டு முதலில், ஜெயித்தவர் பாட்டு அடுத்து. மோன்கனின் முதல் வருடம் 17-10 என்று தோற்று ராணுவத்தின் பாட்டுதான் முதலில் ஒலித்தது. 2015-லும் அப்படியே. மொத்தம் 14 வருடம்.

கே: வந்த வருடமே சாதித்த கோச் ஒருவர்கூட அங்கே இல்லையா?

ப: ஏன் இல்லை? ஏர்ல் பிளெய்க். அங்கேயே படித்தவர். 1940-ல் அணி வென்றது ஒரே ஆட்டம்; பென்சில்வேனியாவிடம் 48-0 என்று உதை வேறு. 1941-ல் பிளெய்க் வந்தார். வரும்போதே, அகாடமியில் சேர்பவர்களுக்கு இருந்த எடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லித்தான் வந்தார். சம்பளத்தைப் பேசுமுன் கிலோவைப் பேசிய புத்திசாலி. முதல் சீசனில் 5 வெற்றி, 3 தோல்வி, ஒரு டிரா. அந்த டிரா, நோட்டர் டேம் அணியுடன் 0-0. மூன்று தோல்வியில் ஒன்று கடற்படையிடம், நவம்பர் 29-ல் 14-6 என்று. அன்று மைதானத்தில் விற்ற நிகழ்ச்சி மலரில் அரிசோனா போர்க்கப்பலின் படம்; விமானக் குண்டால் எந்தப் போர்க்கப்பலும் இதுவரை மூழ்கியதில்லை என்ற பெருமையோடு. எட்டாம் நாள் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் அதே கப்பல் விமானக் குண்டால் மூழ்கியது. பிளெய்க்கின் தேசிய பட்டங்கள் 1944-லிருந்துதான் வந்தன.

கே: சரி, மோன்கனின் பாட்டு எப்போது முடிந்தது?

ப: 2016. கடற்படையை 21-17 என்று வென்றார்கள். 2018-ல் ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்தில் 60 நிமிடத்தில் ஏறக்குறைய 45 நிமிடம் பந்தைத் தாங்களே வைத்திருந்தார்கள். அந்த வருடம் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது வாங்கிய எதிரணியின் கைலர் முர்ரே ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். கூடுதல் நேரத்தில் 28-21 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

கே: இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி கண்ட கோச்சை ஏன் துரத்தவில்லை?

ப: 2000-லிருந்து துரத்திப் பார்த்துவிட்டார்களே! 2003-ல் நடு சீசனில் துரத்தினார்கள். 13 ஆட்டத்திலும் தோல்வி. துரத்துவதில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பலனில்லை என்று தெரிய அத்தனை கோச் தேவைப்பட்டது.

கே: இப்போதாவது நிம்மதியா?

ப: 2024-ல் 12 வெற்றி, அகாடமி சரித்திரத்திலேயே அதிகம். முதன்முறையாக ஒரு கான்ஃபரன்ஸ் பட்டமும் வந்தது. பட்டம் வந்த எட்டாம் நாள் கடற்படை 31-13 என்று அடித்தது.

கே: ராணுவ அணியின் சின்னம் கோவேறு கழுதையாமே! சிங்கம், புலி கிடைக்கவில்லையா?

ப: பீரங்கியையும் மூட்டையையும் மலையேற்றியது சிங்கமா? கடற்படையின் சின்னம் ஆடு. 1953-லிருந்து கேடட்கள் அதைத் திருடிவருகிறார்கள். 2007-ல் வெற்றிகரமாகத் திருடினார்கள். அந்த வருடத்து ஆட்டம்: கடற்படை 38, ராணுவம் 3.